கொளத்தூர் வண்ண மீன் கடைக்காரர்களுக்கு: வளர்ந்த அளவைச் சொல்லி விற்கலாமே

கடல் மீன் விற்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

உப்பு எவ்வளவு கலக்க வேண்டும், ஸ்கிம்மரை (தண்ணீரிலுள்ள அழுக்கை நுரையாக்கி எடுக்கும் கருவியை) எப்படிக் கழுவ வேண்டும் என்று எங்களில் பலருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள்தான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். மூன்று அங்குலக் குட்டியாக ஒரு கிளாத்தியையோ (டிரிகர்) களவாவையோ (குரூப்பர்) விற்கும்போது, அது எவ்வளவு பெரிதாகும் என்று சொல்லுங்கள். வீட்டில் இருப்பது எத்தனை அடித் தொட்டி என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் குழந்தைகள் நின்றுவிடுவது கிளவுன் டிரிகர் முன்னால்தான். கறுப்பு உடம்பு, வயிற்றில் பெரிய வெள்ளைப் பொட்டுகள், வாயைச் சுற்றி ஆரஞ்சு வளையம். கண்ணாடியில் விரல் வைத்தால் பின்னாலேயே வரும். "மூன்றடித் தொட்டியில் விடலாமா?" என்று அப்பா கேட்கிறார். "விடலாம் சார், குட்டிதானே" என்ற பதிலைப் பல முறை கேட்டிருக்கிறேன். அந்த மீன் 50 சென்டிமீட்டர் வரை வளரும். அவர் தொட்டியின் அகலம் ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர். வளர்ந்தபின் அதற்குத் திரும்ப இடமிருக்காது. பாந்தர் குரூப்பர் 70 சென்டிமீட்டர் வரை போகும். அதன் வாய்க்குள் அடங்கும் மீன் எதுவும் மறுநாள் காலையில் தொட்டியில் இருக்காது.

கிளாத்தியை நெருங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் பலம் தெரியும். இரவில் பாறை இடுக்கில் புகுந்து முதுகின் முதல் முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது முள் தாழ்ந்தால்தான் அந்தப் பூட்டு விடும். வெளியே இழுத்தாலும் வராது. பகலில் வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மணலைத் தோண்டும், கல்லைப் புரட்டும், ஹீட்டர் வயரைக் கடிக்கும். நண்டையும் சிப்பியையும் உடைத்துத் தின்னும் பல் அது. சிறு தொட்டியில் அடைத்தால் கூட இருக்கும் மீன்களின் துடுப்பும் கண்ணும்தான் அதற்குக் கிடைக்கும். அப்புறம் "ரொம்ப முரட்டு மீன்" என்று அதன் மேலேயே பழி.

சரி, ஆறடித் தொட்டிதான் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 680 லிட்டர். கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் எடை ஒரு டன்னை நெருங்கும். மாடி வீடாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், ஒவ்வொரு முறையும் நாலே முக்கால் கிலோ உப்பு. மே மாதத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் 26 டிகிரியில் நிறுத்த முடியாது. புதுத் தொட்டியில் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா பிடிக்கவே நாலைந்து வாரம் ஆகும். இதையெல்லாம் பணம் வாங்குவதற்கு முன்னால் சொன்னால், பாதிப் பேர் தாங்களாகவே வேறு மீனைக் கேட்பார்கள்.

அவர்களுக்குக் கொடுக்க உங்களிடம் மீன் இல்லாமல் இல்லை. ட்வார்ஃப் லயன் ஃபிஷ் 17 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். மூன்றடித் தொட்டியில் ஒன்றைத் தாராளமாக வளர்க்கலாம். ஆறடிக்காரருக்குப் பிகாசோ டிரிகர் இருக்கிறது. மன்னார் வளைகுடா மீன்களே இவை. லயன் ஃபிஷ் எதுவானாலும் முள்ளில் விஷம் உண்டு என்பதையும், குத்தினால் சூடு பொறுக்கும் அளவுக்கு வெந்நீரில் கையை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் மட்டும் சொல்லி அனுப்புங்கள். தினமும் இரையாக உயிருள்ள கோல்டு ஃபிஷ் போடச் சொல்லாதீர்கள். அதிலிருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். காசிமேட்டுக் கணவாயும் ஓட்டோடு இறாலும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும்.

மஞ்சளும் கறுப்புமாக வரும் ராட்சதக் களவாக் குட்டியை யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் மீன் அது. இரண்டு மீட்டரைத் தாண்டி வளர்வது.

இன்னொன்று. தொட்டிக்கு மீறி வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பணம் தர வேண்டாம், இடம் தந்தால் போதும். உங்களில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி கட்டினால், பெரிய தொட்டி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் வந்து எடுத்துப் போவோம். அந்த வழி இல்லாததால்தான் வளர்ப்பவர்கள் மீனைக் கடலில் விட வாளியோடு கடற்கரைக்குப் போகிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் லயன் ஃபிஷ் 1985-இல் முதலில் தென்பட்டது. வளர்த்தவர்கள் விட்ட மீன்கள்தான் காரணம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் பவளப்பாறைகள் வரை பரவி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

மீனின் பெயர், வளர்ந்த அளவு, குறைந்தபட்சத் தொட்டி. இந்த மூன்று வரியோடு கண்ணாடியில் ஒட்டும் அட்டைகளை எழுதி, அச்சடித்து நானே கொண்டுவந்து தருகிறேன். எந்தெந்த மீனுக்கு வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து கடல் மீன் வளர்ப்பவன்