சோதனை விளையாட்டுக்கு நட்சத்திரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த இணைய விளையாட்டுக் கட்டுரையைப் படித்தேன். இன்னும் வெளிவராத, சோதனையில் மட்டும் இருக்கும் ஒரு மாயாஜால உலக விளையாட்டை ஆடிப் பார்த்த நாலைந்து இளைஞர்களிடம் பேசி எழுதியிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இதற்கெல்லாம் முக்கால் பக்கம் ஒதுக்கியதே மகிழ்ச்சி. ஆனால் கடைசியில் ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் போட்டிருந்தீர்களே, அது ஏன் என்றுதான் கேட்க வந்தேன்.

நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவள். வங்கிகளுக்கான மென்பொருள். பக், அதாவது மென்பொருள் பிழை, கண்டுபிடிப்பதும், அதை டெவலப்பர் ஒப்புக்கொள்ளும் வரை வாதாடுவதும்தான் பிழைப்பு. "என் சிஸ்டத்தில் சரியாத்தானே ஓடுது" என்ற வசனத்தைக் கேட்காத நாளில்லை. வேலை முடிந்து வந்தால் இரவில் இந்த மாதிரி விளையாட்டுகளை ஆடுவேன். ஐம்பதை நெருங்கும் பெண்மணி வாள் தூக்குகிறாரா என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். வாளெல்லாம் இல்லை, நான் எப்போதும் ஹீலர்தான், அடிபட்ட கூட்டாளிகளைக் குணப்படுத்துபவர்.

என் தொழிலில் பாதி வேகாத பில்டுக்கு (சோதிக்கத் தரும் மென்பொருள் பதிப்புக்கு) யாரும் மதிப்பெண் போடுவதில்லை. என்ன நடந்தது, எங்கே நடந்தது, மறுபடி செய்தால் மறுபடி நடக்கிறதா என்று எழுதுவோம். விளையாட்டுச் சோதனைக்கு மட்டும் "சூப்பர்", "மொக்கை" என்ற இரண்டு தீர்ப்புகள் போதும் என்று நினைக்கிறோம். அந்த இளைஞர்கள் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, "பாலத்துக்கு அந்தப் பக்கம் யாருமே போகல, எல்லாரும் ஊருக்குள்ளேயே நின்னுட்டிருந்தாங்க" என்பது. அதைப் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டுவிட்டீர்கள். அதுதான் தலைப்பாக வந்திருக்க வேண்டும் என்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் இந்த வகை விளையாட்டுகளுக்கு முன்னோடிகளில் ஒன்று அல்டிமா ஆன்லைன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் இருந்த ஆரிஜின் நிறுவனம் உருவாக்கி 1997 செப்டம்பரில் வெளியிட்டது. அதற்கு முன் நடந்த சோதனைக்கு ஆள் வேண்டுமென்று அழைத்தார்கள். இணையத்தில் இறக்கிக்கொள்ள முடியாத அளவு பெரிய கோப்பு, அதனால் குறுந்தகட்டைத் தபாலில் அனுப்பும் செலவுக்குச் சில டாலர் கட்டச் சொன்னார்கள். சுமார் 50,000 பேர் கட்டினார்கள். இன்னும் செய்து முடிக்காத விளையாட்டைச் சோதிக்கக் காசு கொடுத்து வரிசையில் நின்ற முதல் பெருங்கூட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்த விளையாட்டில் ராஃப் கோஸ்டர் போன்ற வடிவமைப்பாளர்கள் அழகான ஏற்பாடு ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். காட்டில் புல் இருக்கும், அதைத் தின்ன முயல் வரும், முயலைத் தின்ன ஓநாய் வரும். முயல் குறைந்தால் ஓநாய் பசியில் ஊர்ப்பக்கம் வரும், அப்போது வீரர்களுக்கு வேலை. காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. சோதனைக்கு வந்த கூட்டம் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியது. முயல், மான், ஓநாய் என்று பாகுபாடே இல்லை. பிறக்கிற வேகத்தை விடச் சாகிற வேகம் அதிகம். சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்த பிறகு மற்றது எங்கே ஓடும்? கடைசியில் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். அலுவலகத்துக்குள் நாலு பேர் ஆடியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. "காட்டில் சூழலியல் சரியில்லை" என்று எந்த ஆட்டக்காரரும் எழுதிக் கொடுத்திருக்கவும் மாட்டார். அவர்கள் செய்த காரியமே அறிக்கையாகிவிட்டது.

அதே சோதனையில், 1997 ஆகஸ்டில், அல்டிமாவை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் தன் 'லார்ட் பிரிட்டிஷ்' அரசர் வேடத்தில் மக்களைப் பார்க்க வந்தபோது, ரெயின்ஸ் என்ற பாத்திரத்தில் ஆடியவர் நெருப்பு மந்திரம் ஒன்றை அவர் காலடியில் போட்டார். அரசர் செத்து விழுந்தார். சர்வர், அதாவது எல்லோரும் இணையும் மையக் கணினி, விழுந்து எழுந்த பிறகு, சாகாவரத்தை மறுபடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டாராம். அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை. ஆனால் எங்கள் பிரிவில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் கதை அது. 'ரீஸ்டார்ட் ஆனதும் என்னென்ன அழியும்?' என்ற கேள்வியை யாரும் அதற்குப் பிறகு மறப்பதில்லை.

சரி, ஆட்டக்காரர்கள் வாயைத் திறந்து சொல்லும் குறைக்கு மதிப்பில்லையா என்றால், உண்டு. அதை எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம். இதே வகையைச் சேர்ந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-ல் சோதனையில் இருந்தபோது, ஒருவர் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தால் அவருக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளி (பாத்திரத்தை அடுத்த நிலைக்கு உயர்த்தும் புள்ளி) பாதியாகக் குறையும்படி வைத்திருந்தார்கள். கொஞ்சம் எழுந்து போய்ச் சாப்பிடட்டும், தூங்கட்டும் என்ற நல்லெண்ணம். சோதனையாளர்கள் கொதித்துவிட்டார்கள். எங்களைத் தண்டிக்கிறாயா என்று ஒரே கூச்சல். அதை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் என்ன செய்தது? பாதி என்பதை முழுசு என்றது, முழுசாக இருந்ததை 'ஓய்வெடுத்தவருக்கு இரட்டிப்பு' என்றது. கணக்கு ஏறக்குறைய அதேதான்! கூச்சல் அடங்கியது. இன்றைக்கும் விடுதியிலோ நகரத்திலோ விட்டுவிட்டு வெளியேறினால் அந்த ஆட்டத்தில் அந்த ஓய்வுப் பலன் ஏறுகிறது. குறை சொன்னவர்கள் கேட்டது அந்த விதியை எடுத்துவிடச் சொல்லி. அவர்களுக்கு வலித்தது அந்த விதி அவர்களிடம் பேசிய தோரணை. இதை ஒரு டெவலப்பர் கண்டுபிடித்தார் என்றால் அவருக்குச் சம்பள உயர்வு கொடுக்கலாம்.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டசி 14-இன் முதல் வடிவம். ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் 2010-ல் கொண்டுவந்தது. அதிலும் இதே போன்ற சோர்வு விதி. ஒரு தொழில் பிரிவில் வாரத்துக்கு 8 மணி நேரம் முழுப் புள்ளி, அடுத்த 7 மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பூஜ்யம். சோதனையின்போதே எதிர்ப்பு வந்தது. மெனு மெதுவாகத் திறக்கிறது, எதைச் செய்தாலும் தாமதம் என்றும் சொன்னார்கள். பொதுச் சோதனை தொடங்கியது 2010 செப்டம்பர் தொடக்கத்தில், விளையாட்டு வெளிவந்தது அதே செப்டம்பர் 30. நாலு வாரம். நாலு வாரத்தில் எதைத் திருத்துவது? எங்கள் வங்கி மென்பொருளில் ஒரு படிவத்தின் பொத்தானை இடம் மாற்றவே அதற்கு மேல் ஆகும். அந்த டிசம்பரிலேயே நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், பொறுப்பு நவோகி யோஷிதாவிடம் போனது. 2012 நவம்பரில் சர்வர்களை மூடினார்கள். நிலவு ஒன்று விழுந்து உலகம் அழிவதாகக் கதையிலேயே அதை வைத்து, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டிய விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். பழைய விளையாட்டில் ஒரு பூந்தொட்டிக்கும் ஒரு மனித உருவத்துக்கும் ஒரே அளவு வரைகலை உழைப்பு செலவானது என்று யோஷிதா பின்னாளில் சொன்னார். ஆட்டக்காரர்களுக்கு அந்தத் தொட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் திரை திணறுகிறது என்பதுதான். அதை அவர்கள் சொன்னார்கள்.

என் வீட்டுக் கதை ஒன்றும் உண்டு. அக்கா மகன் கோவையில் இன்ஜினீயரிங் படிக்கிறான், எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். அவனுக்கு ஒரு விளையாட்டின் சோதனை அனுமதி கிடைத்தது. பெயர் வேண்டாம், இன்னும் செய்து முடிக்காத ஒன்றைப் பெயர் சொல்லிக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. முதல் நாள் ராத்திரியே என் அறைக்கு வந்து, "சித்தி, சுத்த வேஸ்ட் கேம். வேர் எடுத்துட்டு வான்றாங்க, வேரே இல்ல" என்றான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆற்றங்கரையில் மூலிகை வேர் ஐந்து பறித்து ஊர்க் கிழவியிடம் கொடுக்க வேண்டும். முதல் லெவலில் எல்லோருக்கும் அந்த வேலைதான். கரை முழுக்க ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்காவது ஒரு வேர் தலை காட்டினால் பத்துப் பேர் பாய்கிறார்கள், கிடைத்தவன் போக மற்றவர்கள் சாட்டில் திட்டுகிறார்கள். வேர் இல்லாமல் இல்லை. ஆள் கூடினாலும் கூடாவிட்டாலும் அது முளைக்கும் வேகம் ஒன்றாகவே இருந்தது. அல்டிமா ஆன்லைனின் முயல் கதையேதான், இத்தனை வருஷம் கழித்து!

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் ஒரு பாறை அருகே அசையாமல் நின்றார். அவர் பின்னால் இன்னொருவர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரேஷன் கடை போல வரிசை நீண்டுவிட்டது. நடுவில் புகுந்த ஒரு குள்ளனை எல்லோரும் சாட்டில் வறுத்தெடுத்தார்கள். 2019-ல் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தை மறுபடி திறந்தபோதும் ஆட்டக்காரர்கள் இப்படித் தாங்களாகவே வரிசை கட்டி நின்றார்கள், படங்கள் உலகெங்கும் சுற்றின. எங்கள் பையனும் நின்றான். முன்னால் நின்ற பிலிப்பைன்ஸ்காரரோடு பேச்சுக் கொடுத்தான். இருவரும் அன்றைக்கு விடியும் வரை சேர்ந்து ஆடினார்கள்.

மறுநாள் அவனை உட்காரவைத்து ரிப்போர்ட் எழுத வைத்தேன். 'வேஸ்ட்' என்பதை அடித்துவிட்டு, எந்த ஊர், எந்தக் கரை, எந்த நேரம், சுற்றிலும் ஏறக்குறைய எத்தனை பேர், ஒரு வேருக்கும் அடுத்த வேருக்கும் எவ்வளவு இடைவெளி. முனகிக்கொண்டே எழுதினான். அடுத்த பில்டில் மாற்றிவிட்டார்கள். அவனைப் போலவே பலர் எழுதியிருப்பார்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் வேர் தனித்தனியாகத் தெரியும், சண்டையே இல்லை. எங்கள் பையன் ஒரு நிமிடத்தில் ஐந்தையும் பறித்துவிட்டுச் சொன்னான்: "இப்போ போரடிக்குது சித்தி. அந்த லைன்ல நின்னதுதான் ஜாலியா இருந்துச்சு."

இதற்கு நீங்கள் எத்தனை நட்சத்திரம் போடுவீர்கள்?

இன்னொரு விஷயம், கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். சோதனை என்ற பெயரில் இப்போது நடப்பதில் பாதி வியாபாரம். சில டாலர் தபால் செலவு எங்கே, வெளியீட்டுக்கு முன்பே உள்ளே விடும் அனுமதியோடு விற்கும் இன்றைய 'ஃபவுண்டர் பேக்' எங்கே? ஆர்க்கிஏஜ் என்ற விளையாட்டு 2013 ஜனவரியிலேயே கொரியாவில் வெளிவந்து ஓடிக்கொண்டிருந்தது. 2014-ல் மேற்கு நாடுகளுக்கு வந்தபோது 'ஆல்ஃபா' என்னும் தொடக்கக் கட்டச் சோதனைக்கான அனுமதியோடு 150 டாலருக்குத் தொகுப்பு விற்றார்கள். மொழிபெயர்ப்பு, சர்வர் என்று சோதிக்க வேண்டியது அங்கேயும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொந்த ஊரில் விற்பனைக்கு வந்துவிட்ட ஒன்றின் ஆல்ஃபாவுக்கு அவ்வளவு விலை என்பது எங்கள் தொழிலில் கேள்விப்படாதது. எங்களுக்கு டெஸ்ட் பண்ணச் சம்பளம் தருகிறார்கள். அங்கே டெஸ்ட் பண்ண நாம் கட்டணம் கட்ட வேண்டும். அவ்வளவு கொடுத்தவர் மனசுக்கு "இது சரியில்லை" என்று ஒப்புக்கொள்ளவும் கஷ்டம், ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தால் அளவுக்கு மீறித் திட்டவும் செய்வார். இரண்டுமே நல்ல ரிப்போர்ட் ஆகாது.

ஆகவே, அடுத்த முறை சோதனையில் உள்ள விளையாட்டைப் பற்றி எழுதும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் வேறு சில தகவல்களைப் போடுங்கள். இந்தச் சோதனைக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் எத்தனை வாரம் இருக்கிறது? உள்ளே போகக் காசு உண்டா? சோதனையில் வளர்த்த பாத்திரத்தை வைத்துக்கொள்ளலாமா, எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களா? குறையை எழுதிக் கொடுக்க ஆட்டத்துக்குள்ளேயே இடம் இருக்கிறதா? நாலு வாரம்தான் என்றால் அது விளம்பரம் என்று வாசகருக்கே புரிந்துவிடும். ஆறு மாதம் என்றால் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உங்கள் கட்டுரையில் இரண்டு பேர் "பயங்கர லேக்", அதாவது செய்வது திரையில் தெரியத் தாமதமாகிறது, என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் ஆடியது சிங்கப்பூர் சர்வரிலா, ஐரோப்பிய சர்வரிலா என்று இல்லை. ஐரோப்பா என்றால் இங்கிருந்து அது இருக்கத்தான் செய்யும், அந்த விளையாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சிங்கப்பூர் என்றால் அந்த வரியை அப்படியே அவர்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள், நேரத்தையும் இணைய இணைப்பு எதுவென்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
க.ரா.,
சரவணம்பட்டி, கோவை.