குடியுரிமை வழிகாட்டியில் சிரிப்புக்கும் ஒரு பக்கம் வேண்டும்

மாண்புமிகு குடிவரவு, குடியுரிமை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவில் புதிதாக வந்தவர்களைக் குடியுரிமைச் சோதனைக்குத் தயார்ப்படுத்தும் தொண்டர்களில் நானும் ஒருத்தி. 20 கேள்விகளில் 15 சரியென்றால் சித்தி. உங்கள் வழிகாட்டியைப் பாடமாக்கிப் பெரும்பாலானோர் சித்தியடைந்துவிடுகிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பகிடி விட்டால், ஏன் சிரிக்கிறார் என்று விளங்காமல் நிற்கிறார்கள். கனடா தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரிக்கும் கதைகளில்தான் அதன் குணம் தெரிகிறது. அவற்றுக்கு வழிகாட்டியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

1972இல் கனடாவின் பொது ஒலிபரப்பான சிபிசி வானொலியில் அறிவிப்பாளர் பீற்றர் ஸொஸ்கி ஒரு போட்டி வைத்தார். எல்லைக்குத் தெற்கே, அப்பிள் பை போல அமெரிக்கத்தனமானது என்று சொல்வார்கள். அப்படியானால் கனடியத்தனம் எதைப்போல? 17 வயது மாணவி ஒருத்தி எழுதியனுப்பிய விடை வென்றது: ‘இருக்கிற நிலைமையில் இயன்ற அளவுக்குக் கனடியத்தனம்’. ஆறு நேர வலயங்கள், இரண்டு அரசகரும மொழிகள், அருகில் ஓர் இராட்சத அயல்நாடு. இந்த நிலைமையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொரு வரி எனக்குத் தெரியாது.

லூனி என்று நாம் அழைக்கும் ஒரு டொலர் நாணயத்தின் கதையும் வேண்டும். அதில் முதலில் படகோட்டிகளின் படமே வருவதாக இருந்தது. 1986இல் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக்குக்கு அனுப்பிய நாணய அச்சுகள் வழியில் காணாமற் போயின. மலிவான கூரியரில் அனுப்பி மிச்சம் பிடித்தது 43 டொலர் சொச்சம்! கள்ள நாணயம் வந்துவிடுமோ என்ற பயத்தில் லூன் என்ற நீர்ப்பறவையின் படத்துக்கு மாறினார்கள். நாட்டின் செல்லச் சின்னம் பிறந்தது இப்படித்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெருமை தருவது ஹான்ஸ் தீவு. கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்துக்கும் நடுவே 1.3 சதுர கிலோமீற்றர் வெறும் பாறை. 1973இல் இரண்டு நாடுகளும் கடலெல்லை வகுத்தபோது அதை மட்டும் தீர்க்காமல் விட்டார்கள். 1984இல் கனடியப் படையினர் போய்க் கொடி நட்டு, ஒரு போத்தல் விஸ்கியும் வைத்துவிட்டு வந்தார்கள். அதே ஆண்டில் டென்மார்க் அமைச்சர் போய்த் தம் கொடியையும் தம் நாட்டுப் போத்தலையும் வைத்தார். இந்தச் சண்டை 2022 வரை நீண்டது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. கடைசியில் பாறையைப் பங்கு போட்டார்கள். இன்று டென்மார்க்குடன் நமக்குத் தரையெல்லை உண்டு. போரிலிருந்து தப்பி வந்த எங்கள் ஆட்களுக்கு, எல்லைத் தகராறு இப்படியும் முடியும் என்பது பெரிய செய்தி.

‘சொறி’ (sorry) சொல்வதற்கென்றே இங்கு சட்டம் இருக்கிறது என்றால் வகுப்பு நம்பாது. ஒன்ராறியோவில் 2009இல் வந்த மன்னிப்புச் சட்டப்படி, ஒருவர் மன்னிப்புக் கேட்டதை வைத்துக் குடியியல் வழக்கில் பிழை அவருடையதென்று முடிவுகட்ட முடியாது. எல்லோரும் சிரிப்பார்கள். அதன்பிறகு, குடும்பங்களிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த வதிவிடப் பாடசாலைகளில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளுக்காக 2008 யூன் 11இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதைச் சொல்வேன். அந்த மன்னிப்பு உங்கள் வழிகாட்டியில் இருக்கிறது. பக்கத்திலேயே இந்தச் சட்டமும் இருக்கட்டும். லேசான சொறிக்கும் கனமான சொறிக்கும் உள்ள தூரத்தைப் படிப்பவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.

ஹான்ஸ் தீவைச் சேர்க்கும்போது, கொடிகள் வருமுன்னரே அங்கு வேட்டைக்குப் போன இனுவிட் மக்கள் வழங்கும் தார்த்துபாலுக் என்ற பெயரையும் மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ரொறன்ரோவிலிருந்து ஒரு குடியுரிமை வகுப்புத் தொண்டர்