அப்பாவை மீட்டுக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

மெலியாய்டோசிஸ் என்ற கிருமித் தொற்றிலிருந்து மீண்டு அப்பா வீட்டில் நல்லபடியாக இருக்கிறார். மாத்திரைகள் முடிந்துவிட்டன, சர்க்கரையும் கட்டுக்குள் வந்துவிட்டது. போனில் விசாரித்துக்கொண்டே இருந்த ஊர்க்காரர்களும் உறவுகளும் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நன்றியில் முதல் பங்கு, அதுவரை நாங்கள் முகம்கூடப் பார்த்திராத நுண்ணுயிரியல் டாக்டரம்மாவுக்கு. சம்பா நடவு சமயத்தில் வந்த காய்ச்சல் அது. இருமல், உடம்பு இளைப்பு, எக்ஸ்ரேயில் நிழல். ஓரிடத்தில் நிமோனியா என்றார்கள். இன்னோரிடத்தில், சளியில் கிருமி தெரியாவிட்டாலும் டிபி மாத்திரையைத் தொடங்கினார்கள். காய்ச்சல் விடவில்லை. அப்புறம் ஸ்கேனில் மண்ணீரலில் சீழ்க்கட்டிகள் தெரிந்தன. ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளர்ந்ததை ‘சூடோமோனாஸ் வகை’ என்று வேறொரு கிருமிக் கூட்டத்தின் பெயரை எழுதி அனுப்பியிருந்தால் நாங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டோம். பல இடங்களில் இந்தக் கிருமி அப்படித்தான் தப்பிவிடுகிறதாம். ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு அசையாதது ஆக்மென்டின் என்ற இன்னொரு மருந்துக்கு அடங்குகிறதே என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வார்டுக்கே வந்து, “ஐயா, சேற்றில் இறங்கி வேலை செய்வீங்களா? சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?” என்று கேட்டார். மெலியாய்டோசிஸ் என்று மறுபரிசோதனையில் உறுதியானது.

மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் நோய் இது. அந்தக் கிருமி காலில் உள்ள சின்னக் காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போய்விடும். மழைக்காலத்தில் அதிகம். சர்க்கரை நோயாளிகளைத்தான் கூடுதலாகத் தாக்குகிறது. ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு மருத்துவர்கள் 1912-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தெற்காசியாவின் பங்கு அதில் பெரியது. ஆனாலும் வயலும் சர்க்கரையும் நிறைந்த நம் பக்கத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? எனக்கு இது ஆறவே இல்லை.

நடுராத்திரியிலும் நேரம் தவறாமல் செஃப்டாசிடைம் ஊசி போட்ட செவிலியர் அக்காக்களுக்கு நன்றி. ஊசி முடிந்த பிறகும் மாதக்கணக்கில் கோட்ரைமாக்சசோல் மாத்திரை சாப்பிட வேண்டும், இடையில் விட்டால் நோய் திரும்பி வரும். அப்பா சலித்துக்கொண்ட நாட்களில் திட்டித் திட்டி விழுங்க வைத்த மருந்துக்கடை அண்ணனை மறக்க மாட்டோம்.

இது பொதுவாக ஆளுக்கு ஆள் ஒட்டுவதில்லை. அந்த விவரம் தெரிவதற்கு முன்னாலேயே தயங்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியம்மாவுக்கும், களையெடுத்து, தண்ணீர் கட்டி, எங்கள் பயிரைத் தங்கள் பயிராகப் பார்த்துக்கொண்ட பக்கத்து வயல் சித்தப்பாவுக்கும் என்ன சொல்வது!

டிபி மாத்திரை தொடங்கிய டாக்டருக்கும் நன்றி உண்டு. விஷயம் தெரிந்ததும் அவரே கூப்பிட்டு ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். இப்போது சர்க்கரையோடும் விடாத காய்ச்சலோடும் வயல்காரர்கள் வந்தால் கல்ச்சருக்கு அனுப்புகிறாராம்.

அப்பா கம்பூட் போட்டுக்கொண்டுதான் இனி சேற்றில் இறங்குவார். சர்க்கரை உள்ள மற்றவர்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள். காய்ச்சல் நீண்டால் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், வயலில் வேலை செய்வதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
அம்மாவும் பிள்ளைகளும்