அம்மாவுக்காக முழிச்சிருந்த எல்லாருக்கும்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அம்மா வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துட்டாங்க. திண்ணைல உக்காந்து கஞ்சி குடிக்கிற போட்டோவை அக்கா அனுப்புச்சு, அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன்னு எனக்கே தெரியல. அந்த நாட்கள்ல என்ன நடந்துச்சுன்னு இதைப் படிக்கிற உங்களுக்கு என்னை விட நல்லாவே தெரியும், நீங்க தான் பக்கத்துல இருந்தீங்க, அதனால அதெல்லாம் திரும்ப எழுதல. நன்றி சொல்லணும், அவ்ளோ தான்.

ரத்தம் கொடுக்க ஒரே வேன்ல கிளம்பி வந்த நம்ம ஊர் பசங்க, நடுராத்திரி ஆட்டோ எடுத்துட்டு காசே வாங்காத அண்ணன், ஆஸ்பத்திரி வாசல்லயே படுத்துக் கிடந்த சித்தப்பா, தினமும் ஜெபமாலை சொன்ன சிஸ்டருங்க, எனக்கு பதிலா அக்காகூட நின்ன பிரதர்கள், பங்கு சாமி, அப்புறம் அம்மாவோட மாட்டை ஒரு வேளை கூட விடாம கறந்து தண்ணி காட்டுன பக்கத்து வீட்டு பெரியம்மா, உங்க ஒவ்வொருத்தர் காலையும் தொட்டு கும்பிடுறேன். யார் பேராவது விட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, பேரே போடல, போட்டா ஒரு நாளைக்கு முடியாது.

ஆனா உங்க யாருக்கும் தெரியாத ஒருத்தர் இருக்கார், அவரைப் பத்தி நான் சொல்லலைன்னா வேற யாரும் சொல்லப் போறதில்ல.

வெளிநாட்டு மிஷனுக்கு புதுசா போற சலேசியர்களுக்கு, அதாவது புனிதர் தொன் போஸ்கோ ஆரம்பிச்ச எங்க துறவற சபைக்காரங்களுக்கு, செப்டம்பர் மாசம் இத்தாலில பயிற்சி நடக்கும். அதுல ஒரு பகுதி கொல்லே தொன் போஸ்கோல. 1815ல தொன் போஸ்கோ பிறந்த மலை அது, டூரினுக்கு கொஞ்சம் தள்ளி, சுத்தியும் திராட்சைத் தோட்டம். அவர் வளர்ந்த சின்ன வீட்டுக்கு முதல் நாளே கூட்டிட்டுப் போனாங்க. 29 வயசுல புருஷனை இழந்துட்டு அவரோட அம்மா மார்கரீத்தா பிள்ளைங்களை வளர்த்த வீடு, நம்ம ஊர் ஓட்டு வீட்டை விட பெருசு ஒண்ணும் இல்ல. அதைப் பார்த்துட்டு அம்மாகிட்ட சொல்லணும்னு ஆசையா வந்தேன், அன்னைக்கு சாயங்காலம் தான் அக்கா போன் பண்ணுச்சு.

ஐசியூ வாசல்ல காலைல 6 மணிக்கு தான் நிலவரம் சொல்லுவாங்க. இங்க அப்போ ராத்திரி 2.30. முதல் ராத்திரி போனை கைல வச்சுக்கிட்டு சிக்னல் தேடி மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன், பழைய கட்டடம், சுவரு அவ்ளோ தடிமன், வாசல்ல இருக்கிற போர்ட்டர் ரூம்ல மட்டும் தான் வைஃபை நல்லா வரும், ராத்திரி அதைப் பூட்டிருவாங்க, அந்தக் கதவுகிட்டயே தரையில உக்காந்துட்டேன். செருப்பு சத்தம் கேட்டுச்சு. அந்த வாசலைப் பார்த்துக்கிற வயசான பிரதர், 80 தாண்டினவர், பைஜாமா மேல கம்பளி ஸ்வெட்டர். அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, எனக்கு இத்தாலியன் அப்பத்தான் ஆரம்பம். போனைக் காட்டி "மம்மா"ன்னு மட்டும் சொன்னேன். வேற ஒண்ணும் கேக்கல. கதவைத் திறந்து, லைட் போட்டு, அவரோட நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுட்டு வெளிய பெஞ்ச்ல ஜெபமாலையோட உக்காந்துட்டார். நான் பேசி முடிச்சு வந்தா ஒரு டம்ளர் பால் சூடா நீட்டுறார், சர்க்கரை நிறைய.

அடுத்த ராத்திரி தயங்கித் தயங்கி இறங்கி வரேன், 2.25க்கே அந்த ரூம்ல லைட் எரியுது.

நாலாவது நாளோ என்னமோ, மேசை மேல ஒரு பழைய அலாரம் டைம்பீஸ் இருந்துச்சு. நேரம் தப்பா ஓடுதேன்னு சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் தான் பார்த்தேன், சுவர் கடிகாரத்தை விட சரியா மூன்றரை மணி நேரம் முன்னாடி. அதுக்குக் கீழ ஒரு துண்டு பேப்பர் ஒட்டி, நடுங்குற கையால பென்சில்ல மம்மான்னு எழுதியிருந்தார். எங்க பேட்ச்ல இருந்த வியட்நாம் பிரதர் தான் அப்புறம் சொன்னார், இந்தியாவுல மணி என்னன்னு பெரியவர் இவர்கிட்ட கேட்டாராம், மூணு மணி நேரம் சரி, அதென்ன கூட ஒரு அரை மணின்னு புரியாம மூணு தடவை திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கிட்டாராம். எனக்கு அன்னைக்கு தான் முதல் தடவையா அழுகை வந்துச்சு. அதுவரைக்கும் வரவே இல்ல.

அவரை நொன்னோன்னு கூப்பிட ஆரம்பிச்சேன், அவங்க பாஷைல தாத்தா. "கொராஜ்ஜோ"ன்னு சொல்லித் தோள்ல தட்டுவார், தைரியமா இருன்னு அர்த்தம். இத்தாலில இருந்து வந்த வீரமாமுனிவர் நம்ம தமிழை எந்த அளவுக்குக் கத்துக்கிட்டார், எனக்கு ஒரு தாத்தாவுக்கு ஒழுங்கா நன்றி சொல்லக் கூட வார்த்தை பத்தலையேன்னு அவ்ளோ வேதனையா இருந்துச்சு.

பகல்ல கிளாஸ்ல உக்காந்திருப்பேன், மனசு இருக்காது. 1875 நவம்பர் 11ல கால்யேரோன்ற சாமியார் தலைமையில 10 பேரை முதல் முதலா அர்ஜென்டினாவுக்கு அனுப்பினப்போ தொன் போஸ்கோ 20 அறிவுரை எழுதிக் கொடுத்தார், அதைப் பாடமா நடத்துனாங்க. அஞ்சாவது, நோயாளிகள், பிள்ளைங்க, வயசானவங்க, ஏழைங்க, இவங்களைத் தனியா கவனிச்சுக்கோங்கன்னு இருக்கும். நவசந்நியாசத்துல, அதாவது துறவறப் பயிற்சி காலத்துல இருந்தே எனக்கு மனப்பாடம் அது. அந்த ராத்திரிகள்ல அந்த ரூம்ல உக்காந்தப்போ தான் அது என்னன்னு புரிஞ்சுது.

நடுவுல ஊருக்கே திரும்பிடலாம்னு டிக்கெட் வரைக்கும் பார்த்தேன், போகணும்னா தாராளமா போன்னு தான் பெரியவங்களும் சொன்னாங்க. ஒன்பதாவது ராத்திரி குழாயை எடுத்துட்டாங்கன்னு சொல்லி அக்கா போனை அம்மா காதுல வச்சுச்சு. அம்மா கேட்ட முதல் கேள்வி "அங்க மணி என்னடா?" ரெண்டரைன்னு சொன்னேன். "தூங்காம என்ன பண்ற, போய்ப் படு, சிலுவை வாங்குற அன்னைக்கு போட்டோ அனுப்பு." குரலே இல்ல, வெறும் காத்து மாதிரி வந்துச்சு. நொன்னோவுக்கு ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது, ஆனா பெஞ்ச்ல இருந்து எந்திரிச்சு தலைல இருந்த குல்லாவைக் கழட்டிக் கைல வச்சுக்கிட்டு அந்தக் குரல் முடியற வரைக்கும் நின்னார்.

நேத்து, செப்டம்பர் கடைசி ஞாயிறு, டூரின்ல வல்தோக்கோன்ற இடத்துல இருக்கிற சகாய மாதா பசிலிக்காவுல, மிஷனுக்குப் போறவங்களுக்குக் குடுக்கிற சிலுவையை வாங்கிட்டேன். போட்டோ அம்மாவுக்குப் போயிருச்சு.

கொல்லேல இருந்து கிளம்புற அன்னைக்கு, ஞாபகத்துக்கு அந்த டைம்பீஸைக் குடுங்கன்னு நொன்னோகிட்ட கேட்டேன். தர மாட்டேன்னுட்டார். உன் அம்மா நல்லா நடக்கிற வரைக்கும் இது இங்க தான் இருக்கும், அவங்க எந்திரிக்கிற நேரம் எனக்குத் தெரியணும்னு சொன்னார், இந்தத் தடவை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கல.

இந்த வாரம் தென் சூடானுக்குக் கிளம்புறேன். அதோட தலைநகர் ஜூபாவுக்கும் நம்ம ஊருக்கும் அதே மூன்றரை மணி நேரம் தான் வித்தியாசம். அங்க எந்த ராத்திரி யார் வந்து கதவைத் தட்டினாலும் எந்திரிப்பேன், என்ன ஏதுன்னு கேக்கிறதுக்கு முன்னாடி கதவைத் திறப்பேன். இதை உங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், நான் மறந்தா நீங்க ஞாபகப்படுத்துங்க.

அம்மா, இதை அக்கா உனக்குப் படிச்சுக் காட்டும். ராத்திரி மாத்திரையை விட்டுடாத. நாளைக்கு காலைல 6 மணிக்கு நீ எந்திரிக்கும்போது அந்த மலை மேல ஒரு ரூம்ல லைட் எரியும், தொன் போஸ்கோ பிறந்த பக்கமா பார்த்து ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு, நொன்னோவுக்காக.