காவலில் பட்ட காயத்துக்குக் காவலர்தான் பதில் சொல்ல வேண்டும்

தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

"சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்" என்று ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால், அவர் திரும்பி வரும்வரை அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. வக்கீலைத் தேடுவதா, கவுன்சிலரைப் பிடிப்பதா என்று அலைவார்கள். இந்தப் பயத்தைக் குறைக்கக்கூடிய சட்டம் ஒன்று எழுதி முடிக்கப்பட்டும் நிறைவேற்ற ஆளில்லாமல் கிடக்கிறது.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. அதற்கான சித்திரவதைத் தடுப்பு மசோதாவை மக்களவை 2010 மே மாதம் நிறைவேற்றியது. மாநிலங்களவை அதை ஆராயச் சொல்லி, தன் உறுப்பினர்கள் அடங்கிய தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. 2014-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. 2017 அக்டோபரில், சட்டங்கள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் சட்ட ஆணையம், தன் 273-ஆவது அறிக்கையோடு புதிய வரைவையே எழுதிக் கொடுத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

அந்த அறிக்கையில் ஒரு பரிந்துரைக்காகவே இந்த மடலை எழுதுகிறேன். போலீஸ் காவலில் இருப்பவருக்குக் காயம் ஏற்பட்டால், அதைக் காவலர்களே ஏற்படுத்தினார்கள் என்று கொள்ள வேண்டும். இல்லையென்றால் அதை நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. இன்றைக்கு நிலைமை தலைகீழ். அடிபட்டவரோ அவர் குடும்பமோதான் நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? பூட்டிய அறைக்குள் அடித்தவர்களைத் தவிர வேறு சாட்சி ஏது?

2020-இல் ஒரு தந்தையும் மகனும் அடிபட்டுப் பிறகு இறந்துபோன சாத்தான்குளம் வழக்கில், காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததாக விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். 2025 ஜூனில் மடப்புரத்தில், விசாரணைக்குக் கூட்டிப் போன ஒருவரைக் கோயிலுக்குப் பின்னால் வைத்துப் போலீசார் அடித்ததை யாரோ ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்தார். அடிபட்டவர் இறந்தார்; பிரேதப் பரிசோதனை 44 காயங்களைச் சொன்னது. மறைந்திருந்தவருக்கு வீடியோ எடுக்கத் துணிச்சல் வராமல் போயிருந்தால்? யாரும் வீடியோ எடுக்காத மற்றவர்களின் கதி என்ன? இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

"ரவுடியை அடித்தால் என்ன தப்பு?" என்று கேட்கும் வாக்காளர்களும் உங்களுக்கு உண்டு. கைதானவர்களின் மாவுக்கட்டுப் படங்களைப் பார்த்துக் கைதட்டுபவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சாத்தான்குளம் வழக்கில் இறந்த தந்தையும் மகனும் கடை நடத்தியவர்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகத்தான் புகார். மடப்புரம் வழக்கில் இறந்தவர் கோயில் காவலாளி. சரி, ரவுடியாகவே இருக்கட்டும். தண்டனை கொடுக்கும் வேலையை நாம் நீதிமன்றத்திடம்தான் கொடுத்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள்: 2010 மசோதாவையே தூசி தட்டி எடுத்து வராதீர்கள். ஆறு மாதத்துக்குள் புகார் கொடுத்தால்தான் வழக்கு, அதற்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது அது. அடி வாங்கியவர் பயம் தெளிந்து வாய் திறக்கவே ஆறு மாதம் போதாது.

அரசு கொண்டுவரவில்லை என்றால், அமைச்சராக இல்லாத உறுப்பினரே கொண்டுவரக்கூடிய தனிநபர் மசோதா இருக்கிறது. தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா அப்படிக் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015-இல் மாநிலங்களவை நிறைவேற்றியதே. வரும் கூட்டத்தொடரில் சட்ட ஆணையத்தின் வரைவை உங்களில் யார் தாக்கல் செய்யப் போகிறீர்கள்? கட்சி எதுவானாலும் சரி, பெயரைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரின் தொகுதியில் வாக்களிப்பவன்