உங்கள் கிரைண்டருக்கு ஒரு ஜாதகம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் எங்கள் கோவைப் பட்டறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு டேபிள் டாப் கிரைண்டரின் அடியிலும் ஒரு சின்ன எஃகுத் தகடு இருக்கும். அதில் ஓர் எண்ணும் ஒரு கியூ.ஆர். கட்டமும் பொறித்திருக்கிறோம். கூடவே விலையும் 120 ரூபாய் ஏறியிருக்கிறது. "மாவு ஆட்டுவதற்கும் போனில் செயலி ஏற்றச் சொல்வீர்களோ?" என்று கடைக்கு வந்த ஓர் அம்மா கேட்டார். செயலி எதுவும் இல்லை. ஆனால் 120 ரூபாய் கூடுதலாக வாங்கும் நாங்கள் காரணம் சொல்லத்தான் வேண்டும்.

காரணம் எங்கள் தவறிலிருந்து தொடங்குகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு 20 நாள் இருக்கும்போது, ஒரே வாரத்தில் 11 கிரைண்டர்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகும், சுற்றாது. டிரம்மைக் கையால் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்கும். மெக்கானிக்குகளுக்கு இது அரிச்சுவடிப் பாடம்: மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கெபாசிட்டர் போய்விட்டது. எங்களுக்கு வந்த ஒரு பெட்டி கெபாசிட்டர் மட்டும் மட்டமான சரக்கு. பெட்டியில் 100 இருந்திருக்கும். அந்த 100 எந்தெந்த வீட்டில் இருக்கின்றன?

தெரியவில்லை. எங்கள் ஃபோர்மேனின் நோட்டுப் புத்தகத்தில் எந்தக் கடைக்கு எத்தனை கிரைண்டர் போயிற்று என்பது தேதிவாரியாக இருந்தது. எந்தக் கிரைண்டருக்குள் எந்தப் பெட்டிச் சரக்கு போயிற்று என்பது இல்லை. கடைசியில் அந்த இரண்டு மாதங்களில் விற்ற 400 கிரைண்டர்களுக்கும் கெபாசிட்டர் மாற்றிக் கொடுத்தோம். அதில் 300 வீடுகளுக்கு எங்கள் ஆள் போனது வீண் அலைச்சல். அந்தத் தீபாவளிக்குப் பட்டறையில் போனஸ் குறைந்தது. அதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பெரிய தொழிற்சாலைகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. 1985 வாக்கில் அமெரிக்காவில் ஜீப் வண்டிகள் செய்துவந்த அமெரிக்கன் மோட்டார்ஸ், தன்னைவிடப் பல மடங்கு பெரிய போட்டியாளர்களுக்கு ஈடுகொடுக்க, வரைபடங்களையும் உதிரிப் பட்டியல்களையும் திருத்தங்களையும் எல்லாரும் பார்க்கும்படி ஒரே இடத்தில் கணினியில் வைத்தது. அங்கிருந்து வளர்ந்த துறைக்கு இன்று 'பொருள் வாழ்க்கைச் சுழற்சி மேலாண்மை' என்று நாக்கைச் சுளுக்கும் பெயர். ஒரு பொருள் காகிதத்தில் கோடாகப் பிறந்த நாள் முதல் பழைய இரும்புக் கடையில் எடைபோடப்படும் நாள் வரை அதன் கதையை ஒரே கோப்பில் எழுதிவைப்பது, அவ்வளவுதான். நான் அதை ஜாதகம் என்கிறேன். உங்கள் கிரைண்டரின் தகட்டைப் போன் கேமராவில் காட்டினால் அந்த ஜாதகம் திறக்கும்: எந்த மாதம் பூட்டியது, மோட்டார் எந்தத் தொகுதி, பெல்ட் என்ன அளவு, பேரிங் என்ன எண், எப்போது என்ன மாற்றினோம். உங்கள் பெயரும் முகவரியும் அதில் இருக்காது.

இப்படி எழுதி வைக்கத் தொடங்கியதும் எங்கள் குறைகள் எங்களுக்கே தெரிய ஆரம்பித்தன. 2014இல் நாங்கள் கொண்டுவந்த ஒரு மாடலில், 10 நிமிட வேலையான கெபாசிட்டர் மாற்றத்துக்கு மோட்டாரையே கீழே இறக்க வேண்டும். அதை வரைந்தவன் நான். கழற்றி மாட்டியவர் ரிப்பேர் மேசையில் இருக்கும் எங்கள் அண்ணன். அவர் எட்டு வருடம் என்னைத் திட்டியிருக்கிறார், எனக்குத்தான் கேட்கவில்லை. இப்போது புது வரைபடம் எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் பட்டறைக்குப் போகாது. ரிவெட் அடித்த இடங்களில் ஸ்க்ரூ வந்திருக்கிறது. மூன்று மாடல்களுக்கும் ஒரே புஷ், ஒரே ஆயில் சீல். பிளாஸ்டிக் பாகங்களின் உட்புறத்தில் என்ன வகைப் பிளாஸ்டிக் என்று அச்சிலேயே பதித்துவிட்டோம். ஒருநாள் அதைப் பிரிக்கப்போகிறவருக்கு அது உதவும்.

பிரான்சில் 2021இல் செல்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைச்சீட்டுக்கு அருகிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்தது. அந்த முறையில் எங்கள் 2014 மாடலுக்கு நாங்களே மதிப்பெண் போட்டுப் பார்த்தோம். எத்தனை வந்தது என்பதை மட்டும் இந்த மடலில் கேட்காதீர்கள்.

ஐரோப்பா அதற்கும் ஒரு படி மேலே போகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய புதிய சட்டத்தின்படி, பொருள்களுக்கு ஒவ்வொரு வகையாக டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது நான் சொன்ன ஜாதகம் போன்ற ஒன்று, வரப்போகிறது. மின்வாகன பேட்டரிகளுக்குத் தனிச் சட்டத்தின் கீழ் 2027 பிப்ரவரி 18 முதல் அது கட்டாயம். துணிமணிகளும் முன்னுரிமை வரிசையில் இருப்பதால், ஐரோப்பாவுக்குப் பனியன் அனுப்பும் நம் திருப்பூர்க்காரர்களும் இதற்குத் தயாராக வேண்டும். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. விற்ற பொருளின் ஆயுள் முடியும்போது அதில் ஒரு பங்கு முறையாக மறுசுழற்சிக்குப் போவதற்கு உற்பத்தியாளரே பொறுப்பு. 60 விழுக்காட்டில் தொடங்கி 80 வரை அந்த இலக்கு ஏறுகிறது. எங்களைப் போன்ற குறு நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறது என்பதற்காக விட்டுவிடலாமா என்று வீட்டில் பேசினோம். விடவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது வீடு வீடாகப் போன கிரைண்டர்கள் இப்போது முதுமை எய்திவிட்டன. எங்கள் ரிப்பேர் மேசைக்கு அவை வராத வாரம் இல்லை. சிலவற்றைப் பெல்ட் மாற்றி ஓட வைத்துவிடலாம். மற்றவை பழைய இரும்புக் கடைக்குத்தான் போகின்றன. அங்கே மோட்டாரின் சுருளைத் தீயில் போட்டு இன்சுலேஷனை எரித்துத் தாமிரத்தை எடுக்கிறார்கள். அந்தப் புகையின் நெடி தொண்டையில் இரண்டு நாள் நிற்கும். நாங்கள் செய்து விற்கும் பொருளின் கடைசி நாளும் அதுதானா என்ற கேள்வி அங்கே நின்றபோதுதான் வந்தது.

ஆகவே இனி உங்கள் பழைய கிரைண்டரை, எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். அன்றைய உலோக விலையில் கணக்குப் போட்டு, புதியது வாங்கினால் கழித்துத் தருவோம், வாங்காவிட்டால் பணமாகத் தருவோம். டிரம்மின் எவர்சில்வர் உருக்காலைக்குப் போகும். மோட்டார் அரசுப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குப் போகும். கல்லுக்கு வயதே இல்லை. நல்ல கருங்கல்லாக இருந்தால் கொத்தி, சமப்படுத்தி, இரண்டாம் வாழ்க்கைக்கு அனுப்புவோம். தெருவில் "அம்மி கொத்தலையோ" என்று உளியும் சுத்தியலுமாக வந்தவர்கள் செய்ததும் இதுதான். பொருள் தேய்ந்தால் தூக்கிப் போடாமல் வீட்டு வாசலிலேயே உயிர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இந்தத் துறையில் புதிதாக வருவதையெல்லாம் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. விமான எஞ்சினுக்குக் கணினியில் ஓர் இரட்டைப் பிறவி செய்து, எந்தப் பாகம் எப்போது தேயும் என்று முன்கூட்டியே பார்க்கிறார்கள். கிரைண்டருக்கு அது ஆடம்பரம். இணையத்தோடு இணைந்த கிரைண்டரும் வேண்டாம். மாவு பதமாகிவிட்டதா என்பதை விரலால் தொட்டுப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

பலரும் கேட்பது, மின்னணுப் பலகையால் ஓடி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பி.எல்.டி.சி. மோட்டார். நாள் முழுதும் ஓடும் மின்விசிறியில் அது பெரும் லாபம், சந்தேகமே இல்லை. வீட்டுக் கிரைண்டர் கணக்கு வேறு. 150 வாட் மோட்டார் 40 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். வாரம் மூன்று முறை அரைத்தாலும் ஆண்டுக்கு 16 யூனிட்டுக்குள்தான். அதில் பாதியை மிச்சம் பிடித்தாலும் 8 யூனிட். அதற்காக உள்ளே ஒரு மின்னணுப் பலகையை வைத்தால், மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் அது போகும்போது பக்கத்துத் தெரு மெக்கானிக்கால் சரிசெய்ய முடியாது. ஆயுள் முழுவதையும் பார்த்தால் அந்தப் பலகை இல்லாத பழைய இண்டக்ஷன் மோட்டாரே மேல் என்பது எங்கள் முடிவு. மாவு அரைத்து விற்பவர்கள், நாள்தோறும் பல மணி நேரம் ஓட்டுபவர்கள், தனியாகப் பேசுங்கள். உங்களுக்கு விடை மாறலாம்.

ஒரு மாடலைச் செய்வதை நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்கு அதன் உதிரிகள் எங்களிடம் கிடைக்கும். தகடு இல்லாத பழைய கிரைண்டர் வைத்திருப்பவர்கள் மோட்டாரின் மீது ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் அதற்கும் ஜாதகம் எழுதித் தருகிறோம், கட்டணம் இல்லை. சீட்டு அழிந்திருந்தால் நேரில் கொண்டுவாருங்கள், பிரித்துப் பார்த்தே எழுதிவிடலாம்.

பழைய கிரைண்டரை ஆட்டோவில் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருளைக் கல்லை டிரம்முக்குள் அப்படியே விடாமல், தனியாக ஒரு சாக்கில் சுற்றிக் காலடியில் வையுங்கள். போன வாரம் வேகத்தடையில் துள்ளிய கல் டிரைவரின் முழங்காலில் விழுந்து, அவருக்கு இரண்டு நாள் சவாரி போயிற்று.

இப்படிக்கு,
உங்கள் கிரைண்டர் பட்டறையார்,
கோயம்புத்தூர்