அம்மாவின் 8.2

பிராட்ஃபோர்டு, இங்கிலாந்து
19.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. மூன்று மாதமாக நான் ஒரு வரி எழுதாததைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

குக்கரில்தான் பொங்கல் வைத்தேன். வெல்லம் பாகிஸ்தான்காரர் கடையில் கிடைத்தது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். அவர் பேசவே மாட்டார். ஆனால் குப்பை வண்டி வருவதற்கு முதல்நாள் ராத்திரி என் குப்பைத்தொட்டியையும் சேர்த்துத் தெருவோரம் இழுத்து வைத்துவிடுவார். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி, நாலு உருளைக்கிழங்கு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாதென்று ஆச்சி சொல்வாளே!

'அங்கே யாரும்மா பாடம் எடுக்கிறார்கள்?' என்று கேட்டிருந்தீர்கள். யாரும் எடுப்பதில்லை அப்பா. எனக்கென்று ஒரு சீனியர் டாக்டர் உண்டு, வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவோம். எதைப் பேசுவது என்பதை நான்தான் கொண்டுபோக வேண்டும். வருஷத்துக்கு 36 நோயாளிகளைப் பற்றி எழுதிப் பதிய வேண்டும். எங்கே தெரியாமல் நின்றேன், அதற்கு என்ன படித்தேன் என்பதோடு. மெடிக்கல் காலேஜில் தெரியாததை மறைத்தே பழகியவளுக்கு இது லேசில் வரவில்லை. முதலில் தெரிந்ததையே அழகாக எழுதிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர் வந்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரிப்போர்ட்டில் 58. 'நல்லதா டாக்டர்?' என்றார். நம் ஊரில் சதவீதத்தில் பார்ப்போம், இங்கே அளவே வேறு. மேலோட்டமாகத் தெரியும், கணக்கு வரவில்லை. தலையாட்டி அனுப்பியிருக்கலாம். 'எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னோடு சேர்ந்து ஸ்க்ரீனைப் பார்த்தார். 58 என்றால் நம் 7.5 சதவீதம். நம் 6.5க்கு இங்கே 48. சீனியரிடம் சொன்னால், 'சரி, அடுத்து என்ன படிக்கப்போகிறாய்?' என்றார், அவ்வளவுதான். அன்றைக்குக் கோபமாக வந்தது. ஆனால் ராத்திரி பதினொரு மணிவரை நானாகத் தேடிப் படித்தது ஒன்றுகூட மறக்கவில்லை.

அந்த ராத்திரிதான் அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட்டில் இருந்த 8.2ஐ இந்த அளவுக்கு மாற்றிப் பார்த்தேன். 66. என் முன்னால் 66 என்று யாராவது வந்தால் காலைத் தொட்டுப் பார்ப்பேன், கண் பரிசோதனை ஆயிற்றா என்று கேட்பேன், சிறுநீர் டெஸ்ட் எழுதுவேன். அம்மா காலைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. திண்ணையில் மஞ்சள் பூசிய காலை நீட்டி உட்கார்ந்திருப்பாளே. அதற்குமேல் அன்றைக்குப் படிக்க ஓடவில்லை.

போனில் அவள் பக்கத்திலேயே இருப்பாள் என்பதால்தான் இதில் எழுதுகிறேன். திருநெல்வேலிக்கு அழைத்துப்போய்க் கண்ணைக் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம். செருப்பில்லாமல் வயலுக்கு விடாதீர்கள்.

கிணற்று மோட்டார் பணம் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அனுப்புகிறேன். பரீட்சைக் கட்டணம் கட்டினேன், வேறொன்றுமில்லை. குளிர் பழகிவிட்டது, ஹீட்டர் ராத்திரி ஒரு மணி நேரம் போட்டால் போதும். சித்தப்பாவிடம் வரப்பு விஷயமாக நீங்களே முதலில் பேசுங்கள். தம்பியைத் தப்பாய்ப் போட்ட கணக்கை மட்டும் தனி நோட்டில் எழுதச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் கேட்பேன்.

அவனையே அம்மா காலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், இரண்டு உள்ளங்காலும், விரலிடுக்கும் தெரியும்படி.

இப்படிக்கு,
உங்கள் மகள்